செல்பேசிக் கோபுரமில்லாத இடத்தில் பம்பும் மதகும்: செயற்கைக்கோள் இணைய முனையம் அமைக்க முழுமையான வழிகாட்டி

மலையடிவாரக் கிணற்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும் தொட்டிக்கு நீரேற்றும் நிலையம் ஒன்றுக்குத் தொலைக் கண்காணிப்பு அமைத்துக் கொடுத்த முதல் மாதத்தில், அலுவலகத் திரையில் தொட்டி மட்டம் 82 விழுக்காடு என்று ஒரு பகல் முழுவதும் பச்சை நிறத்தில் நின்றது. மாலையில் டேங்க் ஆபரேட்டர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்து வந்து அழைத்தார். “சார், தொட்டி காலையிலேயே காலி. நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றார். இணைப்பு காலை ஏழு மணிக்கே அறுந்திருந்தது. திரை கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. முனையத்தை (செயற்கைக்கோளோடு பேசும் கருவியை) குறை சொல்ல வழியில்லை, ஏனென்றால் வரைபடம் போட்டது நான்தான்.

அதன்பிறகு எந்த இடத்துக்குப் போனாலும், இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்ற கேள்வியில் தொடங்கி, முனையம் எது என்ற கேள்விக்குப் பிறகுதான் வருகிறேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது. எடுத்துக்காட்டு நீரேற்று நிலையமாக இருந்தாலும், அணை மதகு, காற்றாலை, எண்ணெய்க் குழாய்த்தடத்தின் வால்வு நிலையம், மலையுச்சி ரிப்பீட்டர் ஆகியவற்றுக்கும் முறை பெரிதாக மாறாது.

முதலில் காகிதமும் பேனாவும்

தெரிய வேண்டியவை, இயக்க வேண்டியவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: இந்தத் தகவல் எவ்வளவு நேரம் பழசானால் பயனற்றுப் போகும், இது வராமலே போனால் களத்தில் என்ன சேதம் நேரும். தொட்டி மட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். மோட்டார் டிரிப் ஆன செய்தி ஒரு நிமிடத்தில் வர வேண்டும். மாத மின்நுகர்வு நாளுக்கொரு முறை வந்தாலே அதிகம்.

தொட்டி நிரம்பியதும் பம்ப் நிற்க வேண்டும், கிணற்றில் நீர் குறைந்தால் டிரை ரன் (நீரின்றி ஓடுதல்) ஆகாமல் மோட்டார் நிற்க வேண்டும் என்பன போன்ற வேலைகள் செயற்கைக்கோள் வழியாகப் போகவே கூடாது. தொட்டியின் அளவீடு வானுக்குப் போய், தரைநிலையத்துக்கு இறங்கி, சர்வருக்குச் சென்று, மறுபடி வானேறிப் பம்ப் அறைக்கு வருவதாக அமைத்தால், அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் தொட்டி வழியும். தொட்டிக்கும் பம்ப் அறைக்கும் இடையே லோரா என்னும் நெடுந்தொலைவு ரேடியோ இணைப்பு வைத்து, முடிவை அங்கிருக்கும் பி.எல்.சி.யே (கருவிகளை இயக்கும் சிறு தொழிற்கணினியே) எடுக்கும்படி செய்யுங்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை; பார்வை மறைக்காத மூன்று கிலோமீட்டரை அது எளிதாகக் கடக்கும். செயற்கைக்கோள் இணைப்பின் வேலை பார்ப்பதும், எப்போதாவது திருத்துவதும் மட்டுமே.

இந்த ஏற்பாட்டின் அருமைக்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய சான்று உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கிய அதே நாளில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் வலைப்பின்னல் இணையவழியில் தாக்கப்பட்டது. அதன் வழியே இணைந்திருந்த எனர்கான் நிறுவனத்தின் ஏறத்தாழ 5,800 காற்றாலைகள், மொத்தம் 11 கிகாவாட் திறன் கொண்டவை, தொலைக் கண்காணிப்பையும் தொலைக் கட்டுப்பாட்டையும் இழந்தன. ஆனாலும் அவை நிற்கவில்லை. ஒவ்வொரு காற்றாலைக்குள்ளும் இருந்த கட்டுப்பாட்டுக் கருவி தானியங்கி முறையில் அதை ஓட்டிக்கொண்டே இருந்தது.

பைட்டுகளை எண்ணுங்கள்

எந்தச் சேவை வேண்டும் என்பது தரவின் அளவைப் பொறுத்தது. அலுவலக ஸ்காடா (தொலைக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு) மென்பொருள் ஐந்து நொடிக்கு ஒருமுறை மோட்பஸ் டி.சி.பி. என்னும் தொழிற்கருவி நெறிமுறை மூலம் 40 பதிவேடுகளை (கருவியிலுள்ள எண்களை) கேட்டு வாங்குவதாகக் கொள்வோம். கேள்வி 12 பைட், விடை 89 பைட். தலைப்புகளையும் ஒப்புகையையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 220 பைட். ஒரு நாளில் 17,280 சுற்று, அதாவது 3.8 மெகாபைட், மாதம் 115 மெகாபைட்டை நெருங்கும். அதே நிலையம் 60 பைட் செய்தி ஒன்றைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அனுப்பினால், செய்தியின் அளவு மட்டும் மாதம் 173 கிலோபைட்தான். ஐந்து நொடிக்கொரு முறை தொட்டி மட்டத்தைப் பார்க்க யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்பதால், மாற்றம் நேர்ந்தால் உடனே, இல்லாவிட்டால் குறித்த இடைவெளியில் என்று நிலையமே பேசும் முறையைத்தான் பரிந்துரைப்பேன். கேமரா வேண்டுமென்றால் கணக்கு தலைகீழாக மாறும். அங்கும் தொடர் காணொளியைத் தவிர்த்து, கேட்கும்போது ஒரு நிழற்படம் வரும்படி வைத்தால் பெரும்பாலான தேவை தீர்ந்துவிடும்.

எந்த வானம்

புவிநிலைச் சுற்றுப்பாதையில் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுடன் பேசும் விசாட் (சிறுகிண்ணத் தரைமுனையம்), இந்தியாவில் வங்கிக் கிளைகளும் ஏ.டி.எம். மையங்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் வழி. ஒளியின் வேகத்திலேயே போய்த் திரும்ப அரை நொடி ஆகும். நடைமுறையில் 600 மில்லிநொடிக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம். கண்காணிப்புக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னால் வரும் சில நாட்களில், தினமும் சில நிமிடங்கள் இணைப்பு மங்கும். அதைப் பழுது என்று பதிந்து ஆளை மலைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஸ்டார்லிங்க் போன்ற தாழ்பாதைச் சேவைகளில் தாமதம் 25 முதல் 60 மில்லிநொடிக்குள் இருக்கும், வேகமும் வீட்டு இணைய இணைப்புக்குச் சமமாக இருக்கும். விலையாக மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும்: சாதாரணத் தட்டு 75 முதல் 100 வாட், மினி என்னும் சிறிய தட்டு 25 முதல் 40 வாட் எடுக்கும்.

எல்-பட்டை (குறைந்த அதிர்வெண்) முனையங்கள் மெதுவானவை, தரவுக்குக் கட்டணமும் அதிகம், ஆனால் மழைக்கு அஞ்சாதவை. இந்த ஒரு குணத்துக்காகவே அணை, ஆறு சார்ந்த இடங்களில் இவற்றைக் கவனிக்க வேண்டும். நீர்மட்டம் எந்த இரவில் அவசரமாகத் தெரிய வேண்டுமோ, அந்த இரவில்தான் விசாட், ஸ்டார்லிங்க் போன்றவை பயன்படுத்தும் உயர் அதிர்வெண் கொண்ட கேயு, கேஏ பட்டை அலைகள் கனமழையில் கரைகின்றன. இன்மார்சாட் நிறுவனத்தின் பி-கேன் தரவுச் சேவை இந்த வகை. 66 செயற்கைக்கோள்கள் கொண்ட இரிடியத்தின் குறுஞ்செய்திச் சேவையும் இந்த வகையே. அதன் சிறிய மோடத்தில் ஒரு முறைக்கு 340 பைட் அனுப்பலாம், 270 பைட் பெறலாம். முன்சொன்ன 60 பைட் செய்திக்கு அது தாராளம். அளவீடு மட்டும் வந்தால் போதும், எதையும் இயக்க வேண்டாம் என்றால், நம் நாட்டின் தானியங்கி வானிலை நிலையங்கள் இன்சாட் வழியாக 402.75 மெகாஹெர்ட்ஸில் தரவு அனுப்பும் ஒருவழி முறையே எளிய முன்மாதிரி.

கருவி வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். துரையா, இரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை முன் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டவை. கையடக்க இன்ரீச் செயற்கைக்கோள் செய்திக் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இயக்கிய ஸ்டார்லிங்க் தட்டைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்து சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. இலங்கையில் 2025 ஜூலையிலேயே சேவை தொடங்கிவிட்டது. வளைகுடாவில் குழாய்த்தட வேலை பார்ப்பவர்கள் அந்தந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு

நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை வானத்தில் நேரவில்லை, பேட்டரிப் பெட்டியில் நேர்ந்தன. பம்புக்கு மும்முனை மின்சாரம் வருகிறது, அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். மின்சாரம் போன செய்தியே முதலில் தெரிய வேண்டிய செய்தி என்பதால் முனையத்துக்குத் தனிச் சோலார் அவசியம்.

ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். மினி வகை முனையம் சராசரி 30 வாட், பி.எல்.சி., ரௌட்டர், உணரிகள் எல்லாம் சேர்ந்து 8 வாட். 38 வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் நாளுக்கு 912 வாட்-மணி. வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வெயிலே இல்லாமல் தாங்க வேண்டுமானால் 2,736 வாட்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துவதென்றால் 3,420, 25.6 வோல்ட்டில் அது 134 ஆம்பியர்-மணி, ஆகவே 150 வாங்குங்கள். பலகைக்கு டிசம்பர் மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். நல்ல வெயில் மூன்று மணி நேரம், மொத்தச் செயல்திறன் 65 விழுக்காடு என்று வைத்தால் 468 வாட் பலகை அன்றாடச் செலவுக்கு மட்டுமே சரியாக இருக்கும். காலியான பேட்டரியை நிரப்ப எதுவும் மிஞ்சாது. 335 வாட் பலகை இரண்டு வைத்தால், மூன்று இருண்ட நாட்களுக்குப் பிறகு ஐந்து மணி நேர வெயில் கிடைக்கும் நாட்களில் இரண்டே கால் நாளில் பேட்டரி நிரம்பிவிடும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றி, மறுபடி அடாப்டர் வழியாக இறக்குவது வீண்; இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் தின்னும். மினி 12 முதல் 48 வோல்ட் வரை நேர்மின்சாரத்தை அப்படியே ஏற்கும். விசாட் முனையங்களிலும் நேர்மின்சார உள்ளீடு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி பாதிக்குக் கீழே போனதும் பி.எல்.சி. முனையத்தை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எழுப்பும்படி நிரல் எழுதுங்கள். அப்போது முனையத்தின் செலவு நாளுக்கு 120 வாட்-மணியாகச் சுருங்கி, பி.எல்.சி.யையும் சேர்த்து 312தான் ஆகும். பத்து நிமிடத்தில் முதல் சில நிமிடங்கள் செயற்கைக்கோளைப் பிடிப்பதிலேயே போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

இடம் பார்த்தல், நிறுவுதல்

தாழ்பாதை முனையத்துக்கு அகன்ற வானம் வேண்டும். செயலியில் உள்ள தடைச் சோதனையை ஓட்டிப் பார்த்து, மரமறைப்பு ஒரு துளியும் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் படம் பார்ப்பவருக்கு மூன்று நொடித் துண்டிப்பு தெரியாது, ஆனால் உங்கள் வி.பி.என். (மறையாக்கிய தனிவழி இணைப்பு) அதை உணரும். இன்று இடுப்பளவு இருக்கும் தேக்கங்கன்று மூன்றாம் ஆண்டில் தட்டுக்கு மேலே நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விசாட் கிண்ணத்துக்கு ஒரே திசை போதும். 83 பாகை கிழக்கில் இருக்கும் செயற்கைக்கோளைத் தமிழ்நாட்டின் நடுப்பகுதியிலிருந்து பார்த்தால் ஏற்றக்கோணம் சுமார் 77 பாகை, அதாவது ஏறக்குறைய தலைக்கு மேலே. ஐரோப்பியக் கையேடுகளில் வரும் படங்களில் கிண்ணம் நின்றுகொண்டிருக்கும்; நம் ஊரில் அது மல்லாந்து கிடக்கும். அதனால் மழைநீரும் சருகும் தேங்கும், நீர் தேங்கிய கிண்ணம் வெயிலடித்த பிறகும் வேலை செய்யாது. வடிகால் துளை இருக்கிறதா என்று பார்த்து, அதைத் திறந்து வையுங்கள்.

கேபிள்கள் பெட்டிக்குள் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும்; நுழையும் முன் ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பயன்படாத கிளாண்டு (கேபிள் நுழைவு) துளைகளை அடைக்காவிட்டால் எறும்பு ரிலேக்குள் குடியேறும். ரிலேயின் தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகளைப் பல்துலக்கியால் துடைத்து ஒரு பம்பை மீட்டிருக்கிறேன். குரங்குகள் உள்ள மலையில் வெளியே தொங்கும் ஒவ்வொரு கேபிளும் ஊஞ்சல்தான், ஜி.ஐ. குழாய்க்குள் போட்டுவிடுங்கள். தட்டு நிற்கும் கம்பம், சோலார் சட்டம், பம்ப் அறை மூன்றின் எர்த்திங்கும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னல் விழும்போது அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்தம் ஈதர்நெட் கேபிள் வழியாகத்தான் வழி தேடும்; அந்தக் கேபிளிலும் உணரிக் கம்பிகளிலும் சர்ஜ் அரெஸ்டர் (மின்னெழுச்சித் தடுப்பான்) கட்டாயம்.

வலைப்பின்னல்

பெரும்பாலான சேவைகள் உங்களுக்குத் தனிப் பொது முகவரி தருவதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். எனவே அலுவலகத்திலிருந்து நிலையத்தை நேரடியாகக் கூப்பிட முடியாது. இதைக் குறையாகக் கருதிக் கூடுதல் பணம் கட்டிப் பொது முகவரி வாங்குவதற்குப் பதிலாக, நிலையமே வெளிநோக்கி இணைப்பைத் தொடங்கும்படி அமையுங்கள். வயர்கார்டு போன்ற வி.பி.என். ஒன்றை ரௌட்டரில் இயக்கி, 25 நொடிக்கு ஒருமுறை உயிர்ச்செய்தி அனுப்ப வைத்தால் வழி திறந்தே இருக்கும். தரவுக்கு அளவுக் கட்டணம் உள்ள எல்-பட்டையில் இதைச் செய்யாதீர்கள்; உயிர்ச்செய்தியே கட்டணத்தைத் தின்றுவிடும். தரவுப் பாக்கெட்டின் உச்ச அளவை 1,280 பைட்டுக்கு இறக்கி வைத்தால், சிறிய செய்திகள் போகின்றன, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது என்ற குழப்பமான பழுதிலிருந்து தப்பிக்கலாம். விசாட்டில் இன்னொரு கண்ணி உண்டு: தாமதத்தை ஈடுகட்டச் சேவையாளர் செய்யும் டி.சி.பி. (தரவு அனுப்பும் நெறிமுறை) முடுக்கம், வி.பி.என். உறைக்குள் போன தரவைத் தொட முடியாது. வி.பி.என். போட்டதும் வேகம் குறைந்தால் வியப்படைய வேண்டாம்.

செய்திக்கு எம்.க்யூ.டி.டி. நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இன்று வீட்டு விளக்கை அணைக்கப் பயன்படும் இந்த நெறிமுறை, 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லென் நிப்பர் இருவரும் செயற்கைக்கோள் வழியாக எண்ணெய்க் குழாய்த்தடங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. நம் வேலைக்கென்றே பிறந்தது. அதன் மிகச்சிறிய தலைப்பு இரண்டே பைட். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக டி.எல்.எஸ். மறையாக்க இணைப்பைத் தொடங்கி மூடினால், கைகுலுக்கலுக்கு மட்டும் சில கிலோபைட் போகும். 60 பைட் செய்திக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பதன் தலைகீழ். இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள்.

பழைய பி.எல்.சி.யை மோட்பஸ் மூலமே படித்தாக வேண்டும் என்றால், படிக்கும் வேலையைக் களத்திலுள்ள கேட்வே (இடைநிலைக் கருவி) செய்யட்டும். தொலைவிலிருந்து நேரடியாகப் படிப்பதைத் தவிர்க்கவே முடியாவிட்டால், காத்திருப்பு நேரத்தை ஒரு நொடியிலிருந்து குறைந்தது மூன்று நொடிக்கு உயர்த்துங்கள்.

ஒவ்வொரு அளவீடும் களத்தில் எடுத்த நேரத்தைச் சுமந்து வரட்டும். இணைப்பு இல்லாத நேரத்து அளவீடுகளை நிலையம் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்ப வேண்டும், அதிலும் புதியது முதலில், பழையது பிறகு என்ற வரிசையில். அலுவலகத் திரையில் குறித்த இடைவெளியைப் போல இரு மடங்கு நேரம் செய்தி வராவிட்டால் எண் மறைந்து, சாம்பல் நிறத்தில் “நிலை தெரியவில்லை, கடைசியாக 06:58” என்று வர வேண்டும். என்னுடைய 82 விழுக்காட்டுக்கு மருந்து இந்த ஒரு வரிதான்.

கட்டளை அனுப்புதல்

பார்ப்பதில் தவறினால் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். இயக்குவதில் தவறினால் ஆள் சாகலாம். ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

முதல் ஆபத்து தாமதித்த கட்டளை. குறுஞ்செய்திச் சேவைகளில், உறங்கும் முனையத்துக்கு அனுப்பியது தரைநிலைய வரிசையில் காத்திருக்கும். காலை பத்து மணிக்கு அனுப்பிய “மோட்டாரை ஓட்டு” மதியம் இரண்டு மணிக்கு, மெக்கானிக் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கையில் பிடித்திருக்கும்போது போய்ச் சேரலாம். எனவே ஒவ்வொரு கட்டளையிலும் தொடர் எண், பிறந்த நேரம், காலாவதி நேரம் மூன்றும் இருக்க வேண்டும். காலாவதியானதையும் ஏற்கெனவே பார்த்த எண்ணையும் பி.எல்.சி. நிராகரிக்க வேண்டும், தன் கடிகாரம் சரியாக இல்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையுமே நிராகரிக்க வேண்டும். எம்.க்யூ.டி.டி.யில் கட்டளைக்கு, கடைசிச் செய்தியைச் சர்வரிலேயே வைத்திருக்கும்படி சொல்லும் ‘தக்கவைப்பு’ குறியை ஒருபோதும் இடாதீர்கள். இட்டால், இணைப்பு ஒவ்வொரு முறை மீளும்போதும் போன வாரத்துக் கட்டளை புதிதுபோல் வந்து இறங்கும்.

இரண்டாவது, இரட்டித்த கட்டளை. “நிலையை மாற்று” என்று எழுதாமல் “ஓடும் நிலைக்குப் போ” என்று எழுதுங்கள். அது இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லை.

மூன்றாவது, பொய் ஒப்புகை. கட்டளை கிடைத்தது என்பது வேறு, ரிலே இழுத்தது என்பது வேறு, நீர் ஓடுகிறது என்பது வேறு. மூன்றையும் தனித்தனியாகத் திருப்பி அனுப்பச் செய்யுங்கள். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் கரன்ட் டிரான்ஸ்பார்மரும் குழாயில் ஓட்டமானியும் இருந்தால்தான் மூன்றாவதைச் சொல்ல முடியும். கரன்ட் வந்து ஓட்டம் வராவிட்டால் பி.எல்.சி.யே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மேலிடத்தைக் கேட்க நேரமில்லை.

பம்ப் அறையில் லோக்கல்–ரிமோட் தேர்வு சுவிட்ச் ஒன்று கட்டாயம். அது லோக்கலில் இருக்கும்போது தொலைக் கட்டளைக்கான கம்பியே துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மென்பொருளில் ஒரு நிபந்தனையாக மட்டும் எழுதி விடுவது போதாது. ஓவர்லோடு ரிலே டிரிப் ஆனால் தொலைவிலிருந்து ஒரு முறை ரீசெட் செய்ய அனுமதிக்கலாம். இரண்டாவது முறை டிரிப் ஆனால் ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இணைப்பு அறுந்தால் ஒவ்வொரு கருவியும் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். பம்ப், தொட்டி மட்டத்தைப் பார்த்துத் தானாக ஓடும். மதகு இருந்த இடத்திலேயே நிற்கும். பாதியில் இருந்த மதகு நகர்வு, கட்டளையில் சொன்ன அளவை எட்டியதும் நிற்கும். மதகைத் திறக்கும் கட்டளை என்றால், ஆற்றில் துவைப்பவரையும் மணலில் விளையாடும் பிள்ளையையும் நினைத்துக்கொண்டு, அபாயச் சங்கு ஒலித்துக் காத்திருந்து, கீழ்ப்பக்கக் கேமரா படம் வந்து, ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகே இயங்கும்படி பூட்டு வையுங்கள். படம் வரவில்லை என்றால் மதகு திறக்காது.

முனையத்தைத் தானே எழுப்பும் ரிலே

முனையம் எப்போதாவது உறைந்துபோகும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சரியாகும். இந்த வேலையைப் பி.எல்.சி.யிடம் ஒப்படைக்கலாம், ஆனால் முனையத்துக்கான மின்சாரம் ரிலேயின் இயல்பாக மூடிய தொடுமுனை வழியாகப் போக வேண்டும், அப்போதுதான் பி.எல்.சி. செத்தாலும் முனையம் உயிரோடு இருக்கும். ஒரே முகவரிக்குப் பிங் (இணைப்புச் சோதனைச் செய்தி) அனுப்பி முடிவெடுக்காமல் இரண்டு மூன்று முகவரிகளைச் சோதியுங்கள். முதல் முயற்சிக்குப் பின் பதினைந்து நிமிடம், அடுத்து ஒரு மணி, பிறகு ஆறு மணி என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுவதும் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது; ஐந்து நிமிடத்துக்கொரு முறை மறுதொடக்கம் செய்யும் நிரல் இருந்தால், உங்கள் முனையம் அந்த நேரத்தில் முப்பது முறை அணைந்து எழுந்திருக்கும்.

பூட்டும் இரண்டாம் வழியும்

கடவுச்சொற்களை மாற்றுவது, தேவையற்ற போர்ட்களை மூடுவது, மோட்பஸை ஒருபோதும் பொது இணையத்தில் வைக்காமல் இருப்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை, செய்துவிடுங்கள். கேஏ-சாட் தாக்குதலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. தாக்கியவர்கள் தவறாக அமைக்கப்பட்ட வி.பி.என். கருவி ஒன்றின் வழியே சேவையாளரின் நிர்வாக வலைப்பின்னலுக்குள் நுழைந்து, மோடங்களுக்கு முறையான நிர்வாகக் கட்டளைகளையே அனுப்பி அவற்றின் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தார்கள். வாடிக்கையாளர் எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் அது நடந்திருக்கும். வயாசாட் ஏறத்தாழ 30,000 மோடங்களைப் புதிதாக அனுப்பி வைக்க நேர்ந்தது.

ஆகவே முனையத்தையும் சேவையாளரின் வலைப்பின்னலையும் அந்நியர் வீட்டுத் திண்ணையாகவே கருதி, அதற்கும் பி.எல்.சி.க்கும் நடுவே உங்கள் சொந்த ஃபயர்வாலை வையுங்கள். கட்டளையைப் பி.எல்.சி. பக்கத்திலேயே கையொப்பம் சரிபார்த்து ஏற்கச் செய்யுங்கள். இரண்டாம் வழி வைத்தால் அது முதல் வழியோடு எந்த இடத்திலும் சேரக்கூடாது; ஒரே தரைநிலையத்தில் இறங்கும் இரண்டு சேவைகள் ஒன்றுக்குச் சமம். பாறை மேல் ஒரு கோடு சிக்னல் கிடைத்தாலும், நீண்ட கம்பத்தில் திசை ஆன்டெனா கட்டி எஸ்.எம்.எஸ். மட்டுமாவது போக வைக்க முடியுமா என்று பாருங்கள்.

மலைக்கு ஏற்றும் முன்னும் பின்னும்

முழு அமைப்பையும் அலுவலக மொட்டை மாடியில் ஏழு நாள் ஓட்டுங்கள். முதல் நாளே இணைப்பைப் பிடுங்கி, பம்புக்குப் பதிலாக வைத்த விளக்கு தானாக எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். கட்டளை அனுப்பி, ஒப்புகை வரும் முன் இணைப்பைத் துண்டியுங்கள். காலாவதியான பின் திரும்ப இணைத்து, நிராகரிக்கிறதா என்று பாருங்கள். கனமழையை வரவழைக்க முடியாது, ஆனால் நனைத்த சணல் சாக்கைத் தட்டின் மேல் போர்த்தினால் அது மழையைப் போலவே அலையை விழுங்கும். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று போட்டு, இணைப்பு எப்போது தடுமாறுகிறது, எடுத்ததும் எத்தனை நிமிடத்தில் மீள்கிறது என்று எழுதி வையுங்கள். சோலார் பலகையையும் தார்ப்பாயால் மூடி மூன்று நாள் விடுங்கள். கணக்கில் போட்ட மூன்று நாள் உண்மையில் மூன்று நாள்தானா என்பது அப்போதுதான் தெரியும்.

நிறுவிய பின் தினமும் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டே. ஒன்று, விடியுமுன் ஐந்தரை மணிக்குப் பேட்டரியில் மீதமிருக்கும் விழுக்காடு. பகலில் பார்த்தால் எல்லாப் பேட்டரியும் ஆரோக்கியமாகவே தெரியும். மற்றொன்று, சிக்னல் தரத்தின் வாரச் சராசரி. அது மெல்ல இறங்கினால் கிளை வளர்கிறது, அல்லது இணைப்பானுக்குள் நீர் இறங்குகிறது என்று பொருள். நிலையத்துக்கென்றே அமைவுகள் ஏற்றிச் சோதித்த மாற்று முனையம் ஒன்று அலுவலக அலமாரியில் இருக்கட்டும்.

கடைசி வேலைக்குத் தொழில்நுட்பம் தேவையில்லை. பெட்டியின் உட்கதவில் தடித்த மை கொண்டு மூன்று வரி எழுதி ஒட்டுங்கள்: எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும், லோக்கலில் போட்டு ஓட்டுவது எப்படி, யாரை அழைப்பது. எங்கள் நிலையத்தில் டேங்க் ஆபரேட்டர் அதன் கீழே நான்காவது வரியைத் தாமே சேர்த்திருக்கிறார்: “தொட்டியை ஏறிப் பார்க்கவும்.” அதை நான் அழிக்கவில்லை.